மூன்று க சமம் பன்னிரண்டு: அக்கா கணக்கு படித்த எட்டு மாதம்

இந்த ஆய்வில் இருப்பது ஒரே ஒரு ஆள், என் அக்கா. வயது 41. பள்ளிக் கணக்கை விட்டு 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலை ஆவணப் பிரிவில். மாதாமாதம் எண்களை அட்டவணையில் போட்டு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்த படிக்குப் போகலாமே என்று அஞ்சல்வழியில் ஒரு புள்ளியியல் படிப்பில் சேர்ந்தாள். பாடப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு சூத்திரம் வந்தது. அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

“டேய், அல்ஜீப்ரா எல்லாம் சுத்தமா மறந்துபோச்சு. முதல்லேருந்து படிக்கணும். எதைப் படிக்கட்டும்னு சொல்லு.”

அதற்கு நான் கொடுத்த முதல் பதில் தப்பு. அதில் ஆறு வாரம் போயிற்று. அக்காவின் சம்மதத்தோடு, அவளுடைய நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நோட்டில் மாறிகளுக்கு ஆங்கில எழுத்துதான் இருக்கிறது. இங்கே ‘க’ என்று போட்டிருக்கிறேன், கணக்கு ஒன்றுதான்.

பதினேழு சுட்டிகள்

போனை வைத்த கையோடு 17 இணையச் சுட்டிகளை அனுப்பினேன். கான் அகாடமி, ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் பாடநூல்கள், லமார் பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் டாகின்ஸின் குறிப்புகள், வரைபடம் போட டெஸ்மோஸ், இரண்டு மூன்று வீடியோ சேனல்கள், செர்ஜ் லாங்கின் ‘அடிப்படைக் கணிதம்’. தனித்தனியாகப் பார்த்தால் எதையும் குறை சொல்ல முடியாது. பெரும்பாலானவை இலவசம். ஆனால் பதினேழை ஒன்றாகக் கொடுத்தால், எது நல்லது என்று பார்ப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும்போது படிப்பது போலவே இருக்கும், அதுதான் சிக்கல். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது அக்காவின் கணினியில் 43 சுட்டிகள், போனில் நான்கு செயலிகள். நோட்டில் ஒன்பது பக்கம்.

“பாக்கும்போது எல்லாம் புரியுதுடா. மூடிட்டு உக்காந்தா ஒண்ணும் வரல” என்றாள்.

இது அக்காவுக்கு மட்டும் நேர்வதல்ல. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு கூட்டம் ஒருமுறை படித்தபின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வீடியோ பார்த்த சூட்டில் வரும் தெளிவு அந்த ஐந்து நிமிடத் தெளிவுதான்.

செர்ஜ் லாங் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்கள் கணக்கைத் திரும்பப் படிக்க என்ன வழி என்று யார் கேட்டாலும் இந்த 1971-ஆம் ஆண்டுப் புத்தகத்தை யாராவது கைகாட்டுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அருமையான புத்தகம், சந்தேகமில்லை. ஆனால் கணக்குப் போட வரும், ஏன் அப்படி என்றுதான் தெரியவில்லை என்பவருக்கு எழுதியது அது. முதல் அத்தியாயத்திலேயே விதிகளிலிருந்து நிரூபணம் வந்துவிடும். தலைப்பில் ‘அடிப்படை’ என்று இருக்கிறதே, அதுவே புரியவில்லையென்றால் நமக்கு மூளையே இல்லை போலிருக்கிறது என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். அந்த நினைப்பைப் போக்கத்தான் பிறகு ரொம்ப நாள் ஆயிற்று.

முப்பது கணக்கு, ஒரு மாலை

கான் அகாடமியில் அல்ஜீப்ரா பாடத்துக்கான மொத்தச் சோதனையை எழுதிப் பார்த்திருந்தாள். மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மதிப்பெண் தெரிந்ததே தவிர, ஓட்டை எங்கே என்று தெரியவில்லை. தப்பான விடை திரையில் சிவப்பாகத் தெரியும். அந்த விடைக்கு எந்த வழியாக வந்தோம் என்பது அவ்வளவு எளிதில் தெரியாது.

ஆகவே ஒரு மாலை நேரில் போய் உட்கார்ந்தேன். கையால் எழுதிய 30 கணக்குகள். கூட்டல் கழித்தலில் தொடங்கி எளிய சமன்பாடு வரை. கால்குலேட்டர் கிடையாது, தெரிவு செய்யும் விடைகள் கிடையாது. ஒரே நிபந்தனை, எதையும் அழிக்கக் கூடாது. தப்பென்று தோன்றினால் ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அன்றைக்கு எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சரியானவை 13, தப்பு 17. அக்கா முகம் வாடிவிட்டது. ஆனால் விடைத்தாளை வரிவரியாகப் பார்த்தபோது, பதினேழும் நான்கே ஓட்டைகள் வழியாக வந்தவை. பின்னத்தில் ஏழு. கழித்தல் குறியில் நான்கு. சமக்குறியில் இரண்டு. சமன்பாட்டில் பக்கம் மாற்றுவதில் நான்கு.

1978-இல் பிரவுன், பர்ட்டன் என்ற இருவர் பள்ளிப் பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை ஆராய்ந்து, அவற்றில் பல கவனக்குறைவால் வருவதல்ல, ஏதோ ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்று காட்டினார்கள். 52-இலிருந்து 37-ஐக் கழித்து 25 என்று எழுதும் பிள்ளை, ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறது. விதி தப்பு, ஒழுங்கு தப்பவில்லை. அக்காவும் அந்த வகைதான்.

தேறியவற்றையும் சொல்ல வேண்டும். வாய்ப்பாடு கல்வெட்டு மாதிரி நின்றது. தசமம் சரி. சதவீதம், வேலையில் தினமும் போடுவதால், மனக்கணக்காகவே வந்தது. 240-இல் 15 சதவீதம் என்றால் உடனே 36. அடுத்த கேள்வியே 240-இல் இருபதில் மூன்று பங்கு. பேனா நின்றுவிட்டது. இரண்டும் ஒரே கணக்கு என்று பிறகு காட்டியபோது, “அட, இதைத்தான் தினம் போட்டுக்கிட்டு இருக்கேனா?” என்று சிரித்தாள். ஆறு வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

இனி அந்தப் பக்கம் மாற்றும் விஷயம். 22-ஆம் கணக்கு: 3க = 12. அக்கா எழுதியது இது:

க = 12 − 3
க = 9

கேட்டேன், “எப்படிக்கா வந்துச்சு?”

“மூணு அந்தப் பக்கம் போகுதில்ல? அந்தப் பக்கம் போனா குறி மாறும். பிளஸ் மூணு மைனஸ் மூணாச்சு.”

இதற்கு முந்தைய கணக்கான க + 5 = 20-ஐ இதே விதியை வைத்துச் சரியாகப் போட்டிருந்தாள். பள்ளியில் பாட்டு மாதிரி ஒப்பித்த விதி அது: பிளஸ் மைனஸாகும், மைனஸ் பிளஸாகும், பெருக்கல் வகுத்தலாகும், வகுத்தல் பெருக்கலாகும். 24 ஆண்டில் பின்பாதி உதிர்ந்துபோய் முன்பாதி மட்டும் நின்றிருக்கிறது. விதி பொய் இல்லை, காரணத்தை உதறிவிட்டு ஓசையை மட்டும் வைத்துக்கொண்ட சுருக்கம். அல்ஜீப்ரா என்ற பெயரே இந்தச் செயலிலிருந்து வந்தது என்பது வேடிக்கை. சுமார் 820-இல் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் வரும் ‘அல்-ஜப்ர்’ என்ற சொல்லுக்கு, குறைந்திருப்பதை நிரப்பிச் சீராக்குதல் என்று பொருள். ஒரு பக்கத்தில் கழிபட்டு நிற்பதை இரண்டு பக்கமும் கூட்டி நிரப்புவது. எதுவும் எங்கேயும் ‘போவதில்லை’. இரண்டு பக்கமும் ஒரே காரியம் நடக்கிறது, அவ்வளவுதான்.

“சரி, க ஒன்பதுன்னா மூணு க எவ்வளவு?” என்றேன்.

“இருபத்தேழு.” கொஞ்ச நேரம் பேசவில்லை. “பன்னெண்டு வரணும் இல்ல?”

விடையைத் திரும்பச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கலாம் என்பதை யாரும் அவளுக்குச் சொன்னதே இல்லையாம். சொல்லியிருப்பார்கள், மறந்திருக்கும். எப்படியோ, அந்த எட்டு மாதத்தில் கற்ற எல்லாவற்றிலும் அதிகம் பயன்பட்டது இந்த ஒன்றுதான். விடைப் பக்கம் இல்லாமலே தன் விடையைத் தானே சரிபார்க்க முடிகிறதென்றால், தனியாகப் படிப்பவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

சமக்குறிக் கதையும் இதையொட்டியதே. 5 + 3 = 8 × 2 = 16 − 1 = 15 என்று ஒரே ஓட்டமாக எழுதியிருந்தாள். அவளுக்குச் சமக்குறி என்றால் ‘விடை வருது பார்’ என்று அர்த்தம், கால்குலேட்டரின் பொத்தான் மாதிரி. 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் இந்தக் குறியை முதலில் அச்சில் போட்டபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள் வேறில்லை என்று காரணம் சொன்னார். இரு பக்கமும் ஒன்று என்பதுதான் சங்கதி. 1999-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 8 + 4 = □ + 5 என்ற கேள்வியை ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் கேட்டார்கள். எல்லாரும் 12 அல்லது 17 என்றார்கள், 7 என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அக்காவிடம் கேட்டபோது 12 என்றாள். பெட்டிக்குப் பின்னால் நிற்கும் 5-ஐ அவள் கண் பார்க்கவே இல்லை.

ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது

ஆக, அல்ஜீப்ரா மறந்துபோனதல்ல பிரச்சினை. அதற்கு அடியில் இருப்பவை ஆட்டம் கண்டிருந்தன. 43 சுட்டிகளையும் ஒரு கோப்புறைக்குள் தள்ளி அதற்கு ‘அப்புறம்’ என்று பேர் வைத்தோம். வெளியே விட்டது ஒன்றே ஒன்று, ஓப்பன்ஸ்டாக்ஸின் ‘பிரீஅல்ஜீப்ரா’.

அதைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. ஒவ்வொரு பிரிவின் தொடக்கத்திலும் இரண்டு மூன்று முன்சோதனைக் கணக்குகள் இருக்கும். தப்பினால் எந்தப் பிரிவுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அங்கேயே போட்டிருக்கும். ஒற்றைப்படைக் கணக்குகளுக்குக் கடைசியில் விடை உண்டு. பயிற்சி தாராளம். பிரிவு முடிவில் ‘தைரியமாகச் செய்வேன், உதவி இருந்தால் செய்வேன், புரியவில்லை’ என்று நாமே குறித்துக்கொள்ளும் அட்டவணை. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதைவிட, தாளில் விரல் வைத்துப் படிப்பது இவளுக்கு ஒத்துவந்தது. வேறொருவருக்குக் கான் அகாடமியே முதன்மைப் பாடமாக இருக்கலாம், அதில் தப்பில்லை. முதன்மைப் பாடம் இரண்டாக இருப்பதுதான் கூடாது. இரண்டு பாடத்திட்டத்தின் வரிசையும் ஒத்துப்போகாது, ஒன்றில் முடித்தது இன்னொன்றில் பாதியில் நிற்கும்.

புத்தகம் ஆங்கிலத்தில், அவள் கணக்கு படித்ததோ தமிழில். நியூமரேட்டர், டினாமினேட்டர் என்று வந்ததும் தடுமாறினாள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டாள்: நியூமரேட்டர், தொகுதி. டினாமினேட்டர், பகுதி. வேரியபிள், மாறி. கோஎஃபிஷியன்ட், கெழு. ஃபேக்டர், காரணி. நாற்பது சொல்லுக்குள் முடிந்துவிட்டது. கணக்குப் புத்தகத்தின் ஆங்கிலம் பார்ப்பதற்குத்தான் பயமுறுத்துகிறது, சொற்கள் கொஞ்சம்தான்.

நேரம்: வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 40 நிமிடம். கான் அகாடமியைப் பயிற்சிக்கு மட்டும், குறிப்பிட்ட ஒரு திறனில் கூடுதல் கணக்கு வேண்டும்போது, திறந்தாள். அத்தியாயம் ஒன்றை விட்டுவிட்டு நேரே மூன்றாவது (குறை எண்கள்), நான்காவது (பின்னம்), பிறகு இரண்டு, எட்டு என்று போனோம்.

பின்னத்துக்கு மட்டும் ஐந்து வாரம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று அவள் எழுதியிருந்தது நினைவிருந்தது. மேலே இருப்பதை மேலே இருப்பதோடு, கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு. பொதுப் பகுதி காணும் முறையைக் காட்டுவதற்கு முன் ஒரு நீளக் காகிதத்தில் 0-இலிருந்து 2 வரை கோடு போட்டு, இரண்டு பின்னங்களையும் எங்கே வைப்பாய் என்று கேட்டேன். ஐந்தில் இரண்டு 0.4-இல் உட்கார்ந்தது. அரையோ 0.5-இல். “அரையோட இன்னும் சேத்தா அரையவிடக் கம்மியாகுமா?” என்று அவளே கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்தப் பின்னக் கணக்குக்கும் முதலில் மதிப்பீடு, அப்புறம்தான் கணக்கு. பின்னத்தால் வகுப்பதும் இப்படியே தெளிந்தது. 3-ஐ அரையால் வகு என்றால், மூன்றுக்குள் எத்தனை அரை இருக்கிறது? ஆறு. தலைகீழாக்கிப் பெருக்கு என்ற சூத்திரம் அதற்கு அப்புறம் வந்தது.

ஐந்து வாரம் அதிகம் என்று நானே ஒருகட்டத்தில் நினைத்தேன். ஆனால் 2012-இல் உளவியலாளர் சீக்லரும் மற்றவர்களும் அமெரிக்க, பிரிட்டன் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வில், பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரியும் என்பது பிற்பாடு உயர்நிலைப் பள்ளி அல்ஜீப்ரா எப்படி வரும் என்பதை முன்கூட்டிக் காட்டியது. அறிவுத்திறன், குடும்ப வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும்தான். அக்காவின் தாளைப் பார்த்தவனுக்கு இது ஆச்சரியமாக இல்லை.

தப்பு நோட்டு

படிப்பு நோட்டோடு இன்னொரு நோட்டும் வைத்தாள். பேரே தப்பு நோட்டு. மூன்று பத்தி: நான் எழுதியது, மனசில் ஓடியது, எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம். நடுப்பத்திதான் முக்கியம். ஒரு பதிவை அப்படியே தருகிறேன்:

“எழுதியது: −(க − 4) = −க − 4. மனசில்: மைனஸ் முன்னாடி நிக்குது, முதல் ஆளுக்கு மட்டும் குடுத்தேன். கண்டுபிடிக்க: க-வுக்கு 10 போட்டுப் பாரு. இடப்பக்கம் −6, வலப்பக்கம் −14.”

க-வுக்கு ஏதோ ஓர் எண்ணைப் போட்டுப் பார்ப்பது அவளாகக் கண்டுபிடித்த உத்தி. டாகின்ஸின் தளத்தில் வழக்கமான தப்புகளுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. கூட்டுத்தொகையின் வர்க்கத்தைத் தனித்தனி வர்க்கமாக்குவது, அடைப்புக்குறியைத் தொலைப்பது என்று வரிசையாக இருக்கும். அதை நான்காம் மாதத்தில் படித்துவிட்டு, “இந்த ஆளு என் நோட்டைப் பாத்துட்டாரா?” என்றாள்.

அந்த நான்காம் மாதத்திலேயே ஒரு தேக்கம். பிரிவு பிரிவாகப் போடும்போது எல்லாம் வருகிறது, கலந்து கொடுத்தால் வருவதில்லை. ரோரர், டெய்லர் இருவரின் 2007 ஆய்வு இதைத்தான் பேசுகிறது. கனவடிவங்களின் கன அளவு காணும் நான்கு வகைக் கணக்குகளை வகைவகையாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து பயின்றவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் முதல் கூட்டம் 20, இரண்டாம் கூட்டம் 63. ஒரே வகையை வரிசையாகப் போடும்போது எந்த முறை என்று யோசிக்க வேண்டியதே இல்லையே. அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் பழைய பிரிவுகளிலிருந்து பத்துக் கணக்கைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்தாள். அந்த வெள்ளிக்கிழமைகளை அவளுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் விடவும் இல்லை.

செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியையும் பயன்படுத்தினாள். முதலில் கணக்கைக் கொடுத்துத் தீர்வை வாங்கினாள், பழைய வீடியோ மயக்கம்தான் திரும்பி வந்தது. பிறகு கேட்கும் விதத்தை மாற்றினோம்: “விடை சொல்லாதே. நான் எழுதியதில் முதல் தப்பு எந்த வரியில் என்று மட்டும் சொல்.” இது உதவியது. இரண்டு முறை சரியான வரியைத் தப்பென்று சொன்னது, அவள் எண்ணைப் போட்டுப் பார்த்து அதை மடக்கினாள். அந்த மகிழ்ச்சியை எந்த மதிப்பெண்ணும் அவளுக்குத் தந்ததில்லை.

நடுவில் வேலை நெருக்கடியில் மூன்று வாரம் நோட்டைத் தொடவில்லை. திரும்பி வந்தபோது மனப்பாடம் செய்தவை போயிருந்தன, கோட்டில் வைத்துப் பார்த்தவை இருந்தன.

ஆறாம் மாதம் அதே 30 கணக்கு, எண்களை மட்டும் மாற்றி. 27 சரி. தப்பிய மூன்றில் இரண்டு வாக்கியக் கணக்கு. ஒன்று, அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும் அந்தப் பாழாய்ப்போன கழித்தல் குறி.

மூன்றாம் பக்கம்

கடைசி இரண்டு மாதம் அதே வரிசையில் அடுத்த புத்தகமான ‘எலிமென்ட்ரி அல்ஜீப்ரா’வில் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டோம். முக்கியமாக, சூத்திரத்தில் வேண்டிய உறுப்பைத் தனியே பிரித்தெடுப்பது. காரணிப்படுத்தல் இன்னும் அரைகுறைதான், இருபடிச் சமன்பாட்டைத் தொடவே இல்லை. அவள் போக வேண்டிய இடத்துக்கு அவை தேவைப்படவில்லை.

பிறகு அந்த மூன்றாம் பக்கம். இசட் மதிப்பு என்பது மதிப்பிலிருந்து சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுத்தால் வருவது. கேள்வி: சராசரி 50, திட்டவிலக்கம் 8, இசட் மதிப்பு 1.5 என்றால் மதிப்பு என்ன? எட்டு மாதம் முன்பு இதே பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு விடை எழுதியிருந்தாள்: 43.5. எட்டை அந்தப் பக்கம் கொண்டுபோய் −8 ஆக்கியிருக்கிறாள், அதே பழைய பாட்டு. இப்போது இரண்டு பக்கத்தையும் எட்டால் பெருக்கி 12, இரண்டு பக்கமும் ஐம்பதைக் கூட்டி 62. பழைய விடையைப் பார்த்துவிட்டு, “இசட் பிளஸ்ல இருக்கு. சராசரிக்குக் கீழ எப்படிடா வரும்? அன்னைக்கு அதைக்கூடப் பாக்கல பாரு” என்றாள்.

ஒரே ஆளை வைத்துச் சொன்ன கதை என்பதை மறக்க வேண்டாம். அக்காவுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது, விடைத்தாளைப் படிக்க ஒரு தம்பி இருந்தான். தம்பி இல்லாதவர் அந்த 30 கணக்கை எழுதி ஒரு நாள் ஊறப்போட்டு, மறுநாள் வேறொருவர் தாளைத் திருத்துவது போல வரிவரியாகப் பார்க்கலாம். பாதி ஓட்டைகளாவது அப்படியே அகப்படும். நான் திரும்பச் செய்வதானால் சுட்டி எதையும் அனுப்பியிருக்க மாட்டேன், முதல் நாளே அந்தத் தாளோடு போயிருப்பேன்.

போன வாரம் மறுபடி போன். “டேய், இதுல 1.96-ன்னு ஒண்ணு எங்க பாத்தாலும் வருதே, அது எங்கேருந்து வந்துச்சு?”

மணி வடிவ வளைகோட்டின் நடுவில் 95 சதவீதப் பரப்பை அடைக்கும் எல்லை அது, அதைக் கணக்கிட அல்ஜீப்ரா மட்டும் போதாது என்றேன்.

“அப்போ அந்த ‘அப்புறம்’ பையைத் திறக்கட்டுமா?”

“திற. ஒண்ணே ஒண்ணு எடு.”

டெஸ்மோஸை எடுத்திருக்கிறாள். வளைகோட்டை வரைந்துவிட்டு, இரண்டு பக்கமும் எங்கே வெட்டினால் 95 வரும் என்று எல்லையை நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.